ஏரிக்கரையில் கறிக்கு மீன்

இந்த நாட்டில் மீனுக்கும் பிள்ளைப்பேற்று லீவு கொடுக்கிறார்கள். ஊரில் இருக்கும் நீங்கள் சிரிப்பீர்கள்; சத்தியமாகத்தான் சொல்கிறேன். ஏரியில் ஐஸ் உருகி மே மாதம் வந்ததும் மீன் கரையோரமாக வந்து கண்ணுக்கு முன்னாலேயே திரியும். தொடக்கூடாது. இது தெரியாமல்தான் ஒரு காலை மகளின் காரில் ஏறி, தூண்டிலோடு கனடா ஏரிக்கரைக்குப் போனேன்.

விளையாட்டுக்குப் போகவில்லை. என் மனிசன், இவர், படுக்கையில் விழுந்ததிலிருந்து சாப்பாடு இறங்குவதில்லை. கடையில் ஐஸில் கிடந்த மீனைச் சமைத்தால், மணந்து பார்த்துவிட்டுச் சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிடுவார். சண்டைக்காலத்தில் நேவி கடலை மறித்த நாட்களைத் தவிர, மன்னாரில் தினமும் கரைவலை இழுத்த மனிசன், வேறென்ன செய்வார்? நான் ஏரிக்குப் போவதற்கு முதல்நாள் அவராகவே, “பிலோ, துடிக்கிற மீனில பால் விட்டு ஒரு சொதி வச்சுத் தாவன், ரெண்டு வாய் சாப்பிடுறன்” என்றார். அவர் வாய்திறந்து ஒன்றைக் கேட்டு எவ்வளவு காலம்!

லைசன்ஸ் மகள் எடுத்துத் தந்திருந்தாள். குளிரில் கை விறைத்துப்போய் நிற்க, மாதா புண்ணியத்தில் நல்ல மீனொன்று கொழுவியது. தூண்டில் முள்ளைக் கழற்றத் தெரியாமல் நான் தடுமாற, பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரக் கிழவர் குறட்டால் கழற்றித் தந்தார். தந்தவர் போகவில்லை. மீனையே பார்த்துக்கொண்டு நின்றார்.

எனக்கு விளங்கிவிட்டது. எங்கள் கரையில் வலைக்கயிற்றில் கைவைத்தவர் யாரும் வெறுங்கையோடு திரும்புவதில்லை. பக்கத்து உப்புக்குளத்து முஸ்லிம் நானா ஒருவர் சைக்கிளைச் சாத்திவிட்டுச் சும்மா நாலு இழுப்பு இழுப்பார். கறிக்கு மீனை இடுப்புச் சாரத்தில் முடிந்துகொண்டு போவார். இவர் முகம் சுளித்ததே இல்லை. ஆகவே நானும் மீனின் நடுவில் விரலால் கோடு போட்டு, வால்பக்கம் உங்களுக்கு என்று காட்டினேன். கிழவர் தலையாட்டி மறுத்து ஏரியைக் காட்டினார். சரி, தலைப்பக்கத்தைக் காட்டினேன். மறுபடியும் ஏரி. அட கடவுளே, முழுவதையும் கேட்கிறாரோ!

மகள் காரிலிருந்து ஓடிவந்து அவரோடு கதைத்தாள். “அம்மா, அவர் பங்கு கேக்கேல்லை. இது முட்டையிடுற காலமாம். இந்தச் சாதி மீனை ஜூன் கடைசி வரைக்கும் பிடிக்கக்கூடாதாம். உடன விடட்டாம்.”

சினை மீன் வந்தால் முட்டை யாருக்கென்று சண்டை பிடித்த வீடு எங்களுடையது!

“அப்பாவுக்கெண்டு சொல்லு பிள்ளை. ஒண்டே ஒண்டு.”

சொன்னாள். கிழவர் தொப்பியைக் கழற்றி, “சாரி” என்றார். முகம் உண்மையாகவே வாடிப்போயிற்று. கை மட்டும் ஏரியைத்தான் காட்டியது. நல்ல மனிதரோடு எப்படிச் சண்டை பிடிப்பது? நானே குனிந்து தண்ணீரில் விட்டேன். ஒரே வீச்சில் போய்விட்டது. மத்தியானம் வரைக்கும் நின்றும் வேறொன்றும் கொழுவவில்லை. கரையில் குந்தியிருந்து அழுதேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் இவர் கண்ணைத் திறந்தார். மருந்து மயக்கம். என் வெறுங்கையையும் வீங்கிய முகத்தையும் பார்த்தார். இந்த நாட்டுச் சட்டத்தை இவருக்கு எப்படி விளங்கப்படுத்துவது என்று நான் முழிக்க, அவரே கேட்டார்.

“நேவி கடலுக்கு விடேல்லையோ?”

“ஓம்” என்றேன். “விடேல்லை.”

“நாளைக்கு விடுவாங்கள். அழாதை” என்று மன்னாரிலிருந்து எனக்கு ஆறுதல் சொன்னார்.