இடக்கைச் சர்க்கரை

பிப்ரவரி 11, புதன்கிழமை. காலை 8.40-க்கு அறையைத் திறந்தேன். 8.45-க்குக் கம்ப்யூட்டரின் ஃபேன் ஃபில்டரைக் கழற்றிப் பஞ்சைத் துடைத்தேன். பக்கத்துக் கட்டடத்தில் நிட்டிங் மெஷின்கள் ஓடுவதால், ஒரு நாள் விட்டாலும் ஃபில்டர் கம்பளி போர்த்திக்கொள்ளும். 8.55-க்கு யு.பி.எஸ். பேட்டரி அளவையும் அறை வெப்பத்தையும் டைரியில் எழுதினேன். 9.10-க்கு டீ.

துணிக்கான என்சைம் தயாரிக்கும் சிறிய கம்பெனி எங்களுடையது. பனியன் துணிமேல் நிற்கும் பிசிறை பயோ வாஷ் என்னும் சலவையில் கடித்து எடுப்பது அந்த என்சைம்தான். பருத்தி இழை என்பது குளுக்கோஸ் கண்ணிகள் கோத்த நீண்ட சங்கிலி. அதனால் முதலில் ஒற்றைக் குளுக்கோஸ் தண்ணீரில் எந்த வடிவத்தில் இருக்கிறது என்று கம்ப்யூட்டர் சிமுலேஷனில் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தோம். இந்த வேலைக்கு இரண்டே பேர். ஒருவர் கெமிஸ்ட் ரோஸ்லின், தாராபுரத்துக்காரர். இன்னொருவர் நான். பதினேழு வருடம் கார்மென்ட் கம்பெனியில், சட்டைத் துண்டுகளின் வடிவத்தைக் கம்ப்யூட்டரில் வரையும் பேட்டர்ன் கேட் (CAD) ஆபரேட்டராக இருந்துவிட்டு வந்தவள். மூலக்கூறை வரைவதும் ஓட்டுவதும் குறித்து வைப்பதும் என் பொறுப்பு.

அன்று மாலை நான்கு மணிக்கு ஓனர் சென்னியப்பன் வருவதாக இருந்தது. நிட்டிங் யூனிட்டும் அவருடையதுதான். போன வாரமே சொல்லியிருந்தார்:

"ஏனுங்க, சக்கரையக் காப்பில போட்டாக் கரையுது. கம்ப்யூட்டர்ல போட்டு என்னுங்க ஆகோணும்? புஸ்தகத்துல இருக்கற மாதிரியே உங்க மெஷின்லயும் வருதான்னு பொதங்கெழம காட்டுங்க. வல்லீன்னா இந்த ரூம்புல நூல் பொட்டி எறக்கீருவேன்."

9.30-க்கு ஆறு நாள் ஓட்டத்தின் முடிவைத் திறந்தோம். குளுக்கோஸ் வளையம் சாய்வு நாற்காலிபோல மடங்கியிருக்கும். நாலாம் கார்பன் மேலே தூக்கியும் முதல் கார்பன் கீழே தாழ்ந்தும் இருக்க வேண்டும் என்கிறது புத்தகம்.

"அக்கா, நாற்காலி தலகீழா கெடக்குதுங்க" என்றார் ரோஸ்லின்.

"ஒரு தடவையா?"

"ஆறு நாளும்."

அணுக்களுக்குக் கொடுத்த விசைக் கணக்கில் பிழை என்று முதலில் நினைத்தார். ஆற்றல் எண்களை ஒவ்வொன்றாக ஒப்பிட்டார். எல்லாம் புத்தகத்தோடு ஒத்துப்போயின. "தப்பான வடிவத்துக்குச் சரியான நம்பர் எப்புடிங்க்கா வரும்?" என்று நகத்தைக் கடித்தார். மறுபடி ஓட்ட ஆறு நாள் வேண்டும். எங்களிடம் இருந்தது ஆறரை மணி நேரம்.

மூலக்கூறை வரைந்த நாளின் டைரிப் பக்கத்தைப் புரட்டினேன். என் கையெழுத்தில் இப்படி இருந்தது: "11.20. வளையத்தின் ஆக்சிஜன் புத்தகப் படத்தில் வலது மூலையில், என் படத்தில் இடது மூலையில். மிரர் கொடுத்துச் சரிசெய்தேன்."

காது சுட்டது. சட்டையின் இடது முன்பாகத்தை வரைந்து மிரர் கொடுத்தால் வலது முன்பாகம் கிடைக்கும். பதினேழு வருடம் கை தானாகச் செய்த வேலை அது. மூலக்கூறைச் சுற்றித் திருப்பி வைத்திருக்க வேண்டும். நானோ அதைக் கண்ணாடிப் பிம்பமாக மாற்றியிருந்தேன். நாம் சாப்பிடும் குளுக்கோஸ் வலது கை என்றால், நான் வரைந்தது இடது கை. அதன் நாற்காலி எதிராகத்தான் மடங்கும். பிம்பம் என்பதால் ஆற்றல் எண்கள் மட்டும் மாறவில்லை.

"ரோஸ்லின், இது என் வேலைதான் கண்ணு."

டைரியைப் படித்தவர் மேசையைத் தட்டிச் சிரித்தார். "ஏனுங்க்கா, சக்கரைக்கும் சட்ட தெச்சுட்டீங்களா?"

"சிரிக்காத சாமி. நாலு மணிக்கு நூல் பொட்டி வருது."

"வராதுங்க. மறுக்காவும் மிரர் போடுங்க. படத்துக்கில்ல, ஆறு நாள் ஓட்டம் மொத்தத்துக்கும். தண்ணிக்கு எடது வலது கெடையாது. ஓட்டத்தத் திருப்புனா அது நெசமான குளுக்கோஸோட ஓட்டந்தானுங்க."

நாற்பது நிமிடத்தில் திருப்பிவிட்டோம். எனக்கு மனம் ஒப்பவில்லை. வலது கைக் குளுக்கோஸைப் புதிதாக வரைந்து, சிறிய ஓட்டம் ஒன்றும் விட்டேன். 3.30 வரை பார்த்ததில் நாற்காலி ஒழுங்காக இருந்தது.

"அவருகிட்டச் சொல்லாம உட்ருலாங்க்கா. அதான் சரியாயிருச்சே" என்றார் ரோஸ்லின். டைரியில் எழுதியதை மறைக்கும் பழக்கம் எனக்கு இல்லை. ஓனர் வந்ததும் முதலில் அந்தப் பக்கத்தைத்தான் காட்டினேன்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். "லெப்ட் கைய ரைட்டுல வெச்சுத் தெச்சிருக்கறீங்க. நம்மூர்ல செய்யாதவங்க ஆருங்க? செரி, இந்த எடக்கைச் சக்கரைய நம்ம என்சைம் கடிக்குமுங்களா?"

"கடிக்காதுங்க சார். எடது கை கிளவுஸ்ல வலது கை போகாதுங்களே, அந்த மாதிரி" என்றார் ரோஸ்லின்.

"அப்ப, இதப் பாக்காம மேல போயிருந்தா, கடிக்காத சக்கரையக் கட்டிட்டு வருசக்கணக்கா அழுதிருப்போம்." டைரியை மூடி என்னிடம் கொடுத்தார். "ரூம்பு இருக்கட்டுங்க. மூலைல நாலே நாலு பொட்டி மட்டும் வெச்சுக்கறேன்."

கட்டிங் டேபிளில் வெட்டிய ஒவ்வொரு துண்டுக்கும் இடது, வலது என்று ஸ்டிக்கர் ஒட்டிய பிறகே தையலுக்கு அனுப்புவோம். அங்கே ஒரு நாளும் தவறாத அந்த வழக்கத்தை இங்கே கொண்டுவர எனக்குத் தோன்றவில்லை. பழைய வேலையிலிருந்து மிரரை மட்டும் கொண்டுவந்து, ஸ்டிக்கரை விட்டுவிட்டேன்.

வியாழன் காலை 8.40. நான்கு பெட்டிகளும் எனக்கு முன்பே வந்து மூலையில் இருந்தன. ஃபில்டரை உடனே தொடவில்லை. முதலில் கம்ப்யூட்டரைத் திறந்து, குளுக்கோஸ் எந்தக் கை என்று காட்டிக்கொடுக்கும் ஐந்தாம் கார்பனைப் புத்தகத்தோடு வைத்துச் சரிபார்த்து, ஃபைலின் பெயரோடு 'வலது' என்று சேர்த்தேன்.