ஏரி உறைந்த சனிக்கிழமை

இது கட்டுக்கதை இல்லை. பேய், பிசாசு என்றாலே எனக்குக் கொட்டாவி வரும். ஆனால் ரைலி பொய் சொல்லுகிறவள் அல்ல. பள்ளிச் சமையற்கட்டில் வருஷக்கணக்காக என்னோடு நின்று உருளைக்கிழங்கு உரிப்பவள். மிஞ்சிப்போனால் தன் வயதில் இரண்டைக் குறைத்துச் சொல்வாள், அவ்வளவுதான். அவள் வீட்டு ஏரியில் கிடந்ததை மறுநாள் நானே போய்ப் பார்த்தேன். நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். விளக்கை மட்டும் அணைத்துவிடாதீர்கள்.

ரைலியின் அப்பா வில்ஹோ அந்த அக்டோபரில் இறந்தார். வீடு தங்காத மனுஷன். இருபது வயதில் ஐ.நா. படையில் சேர்ந்து சூயஸ் மணலில் காவல் நின்றார். பிறகு சைப்ரஸ். படையை விட்டபின்பும் கால் ஓயவில்லை. பெரிய லாரி ஓட்டிக்கொண்டு ரோட்டர்டாம், டெஹ்ரான் என்று பாதி உலகத்தைச் சுற்றினார். ஊருக்கு வந்த நாட்களிலாவது உட்காருவாரா? விறகு பிளப்பார், கூரையில் ஏறுவார். ஏரிக்கரையில் இருக்கும், நீராவிக் குளியலுக்கான சௌனாக் குடிலை ஒற்றை ஆளாகக் கட்டியவரும் அவர்தான்.

அடக்கம் முடிந்து எல்லோரும் சால்மன் சூப் குடித்துக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு ஆர்மாஸ் சொன்னார்: "அவன் சும்மா படுத்திருப்பான்னு நினைக்கிறீங்களா? பெட்டியில ஆணி ஒழுங்கா அடிச்சிருக்கானான்னு உள்ளேயிருந்து தட்டிப் பாத்துட்டு இருப்பான்." எல்லோரும் அழுதுகொண்டே சிரித்தார்கள்.

அதே ஆர்மாஸ்தான் பிறகு கத்தியை எடுத்தார். கிழக்குப் பின்லாந்தில், எங்கள் பக்கத்தில், பழைய வழக்கம் ஒன்று உண்டு. கல்லறைக்கும் வீட்டுக்கும் நடுவில், சாலையோரத்துப் பைன் மரம் ஒன்றில் சிலுவை கீறிவிடுவார்கள். வீட்டைத் தேடி வருகிற ஆவி அதைப் பார்த்ததும், 'அட, நான் செத்துப்போனவனாயிற்றே' என்று நினைவு வந்து திரும்பிவிடுமாம்.

வில்ஹோவின் மனைவி எல்வி விடவில்லை. மறதி நோய் பிடித்தவள். பாதி நாள் மகள் பெயரே ஞாபகம் இருக்காது. அன்றைக்கு மட்டும் வார்த்தை கணீரென்று வந்தது.

"வாழ்நாள் பூரா அந்த மனுஷன் வருவாரு வருவாருன்னே காத்துக் கெடந்தேன். செத்த பிறகாவது வரட்டுமே. ஏன்யா வழிய அடைக்கிற?"

"செத்தவன் சும்மா வரமாட்டான் எல்வி. துணைக்கு ஆள் கூட்டிட்டுப் போகத்தான் வருவான்."

கல்யாணம் முறிந்து திரும்பி வந்தவள் ரைலி. அம்மாவை விட்டால் நாதியில்லை. "கீறுங்க மாமா" என்றாள்.

ஆர்மாஸ் கீறினார். எல்வி சிரித்தாள். "மரம் ரோட்டுலதானே இருக்கு? ஏரி உறையட்டும்."

கிறுக்குப் பேச்சு என்று விட்டுவிட்டார்கள். ஆனால் யோசித்துப் பாருங்கள். குளிர்காலத்தில் வில்ஹோ ஒருநாளும் சாலை வழியாக வீட்டுக்கு வந்ததில்லை. ஏரி உறைந்துவிட்டால் எதிர்க்கரையில் பஸ்ஸை விட்டு இறங்கி, பனிக்கட்டி மேல் நேராக நடந்து வந்துவிடுவார். அந்த எதிர்க்கரையில்தான் தேவாலயம் இருக்கிறது. கல்லறையும் அங்கேதான்.

டிசம்பரில் ஏரி உறைந்தது. மேலே பனி பெய்து எல்லாம் ஒரே வெள்ளை. எங்கே கட்டி கனம், எங்கே மெல்லிசு என்று கண்ணால் பார்த்துத் தெரியாது. ஆர்மாஸ் கடப்பாரையால் குத்திப் பார்த்து, பத்திரமான வழியில் கிளைகளை நட்டு அடையாளம் வைப்பார். அந்த வாரம் அவருக்கு இடுப்புப் பிடிப்பு. அடையாளம் எதுவும் வைக்கவில்லை.

அன்று சனிக்கிழமை, சௌனா நாள். பிற்பகல் நான்கு மணிதான். எங்களூர் டிசம்பரில் அதற்குள் கும்மிருட்டு.

முதலில் நாய்தான் ஒரு மாதிரியாக இருந்தது. முர்ரி சோற்றுத் தட்டைத் தொடவில்லை. ஜன்னல் வழியாக ஏரியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. குரைக்கவில்லை. வால் மட்டும் மெதுவாக ஆடியது. தெரிந்தவர் வந்தால் ஆட்டுமே, அப்படி.

"வந்துட்டாரு" என்றாள் எல்வி.

"யாரும்மா?"

"அப்பாதான். குளிர்ல நிக்கிறாரு. உள்ள வரச் சொல்லு."

ரைலி ஜன்னலைப் பார்த்தாள். இருட்டுதான். ஆனால் வெளியே... ஒரு இருமல். தொண்டையைக் கனைத்து, இரண்டு தரம். ஐம்பது வருஷமாகக் கேட்ட இருமல்.

காது ஏமாற்றுகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பனிக்கட்டி இறுகும்போது ஏரி முனகும், வெடிக்கும். அந்தச் சத்தமாகத்தான் இருக்கும். சௌனா அடுப்புக்கு விறகு போட வேண்டியிருந்தது. அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்துக் கம்பளியைப் போர்த்தினாள். கதவைச் சாத்திவிட்டுக் குடிலுக்கு ஓடினாள்.

அடுப்பைத் திறந்தாள். இரண்டு கட்டை போட்டாள்.

டொக்.

சுவரில். ஏரிப் பக்கத்துச் சுவரில்.

டொக்... டொக்...

விறகு வெடித்திருக்கும் என்று நினைத்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

டொக்! டொக்! டொக்! டொக்!

யாரோ முஷ்டியால் இடிக்கிறார்கள். அவசரமாக. கோபமாக. சுவரில் மாட்டியிருந்த அகப்பை கீழே விழுந்து உருண்டது.

ரைலி வெளியே பாய்ந்தாள். சுவருக்குப் பின்னால் யாரும் இல்லை. பனியில் ஒரு சுவடுகூட இல்லை.

ஆனால் வீட்டுக் கதவு...

திறந்து கிடந்தது.

"அம்மா!"

வாசலிலிருந்து சின்னச் சின்னக் காலடிகள். நேராக ஏரிக்கு.

ஓடினாள். கைவிளக்கின் வெளிச்சம் ஆடியது. கரை தாண்டி... இன்னும் தள்ளி... அங்கே.

எல்வி வீட்டு உடுப்போடு நின்றுகொண்டிருந்தாள். இரண்டு கையையும் முன்னால் நீட்டியிருந்தாள். உடம்பு முன்பக்கம் சாய்ந்திருந்தது. அப்படிச் சாய்ந்தால் யாரும் விழத்தான் வேண்டும்.

அவள் விழவில்லை.

உள்ளங்கைகள் வெறுங்காற்றில் ஒட்டியிருந்தன. இழுக்கிறார்... அப்பா கையைப் பிடித்து இழுக்கிறார்!

ரைலி பின்னாலிருந்து அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். பயமெல்லாம் ஆத்திரமாகப் பொங்கியது.

"விடுங்கப்பா! அம்மாவ விடுங்க! இருந்தப்போ எங்களோட இருந்தீங்களா? இப்ப எதுக்கு வர்றீங்க? போங்க! இனிமே இந்தப் பக்கமே வராதீங்க!"

அப்புறம் கனைப்பு. முகத்துக்கு நேரே. மிக அருகில்.

சட்டென்று எல்வி முன்னால் சரிந்தாள். சாய்ந்திருந்த சுவரை யாரோ உருவி எடுத்த மாதிரி. ரைலி பலம்கொண்ட மட்டும் பின்னால் இழுத்தாள். காலடியில் 'க்ர்ர்க்' என்று கோடு விட்டது பனிக்கட்டி. இருவரும் மல்லாக்க விழுந்து, தவழ்ந்து, எப்படியோ கரை சேர்ந்தார்கள்.

மறுநாள் விடிந்ததும் ஆர்மாஸ் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கடப்பாரையோடு வந்தார். அதற்குள் ரைலி எனக்கும் போன் செய்திருந்தாள். நானும் போனேன்.

எல்வியின் சுவடு முடிந்த இடத்துக்குச் சற்று முன்னாலேயே ஆர்மாஸ் எங்களை நிறுத்தினார். தான் மட்டும் குப்புறப் படுத்து, ஊர்ந்து போய், கடப்பாரையை எட்டிப் போட்டார். ஒரே குத்து. கறுப்புத் தண்ணீர் கொப்புளித்தது.

"இங்க அடியில நீரோட்டம். ரெண்டு விரல் கனம்கூட இல்ல. பூனை நடந்தாலும் உள்ள போயிடும். உங்கம்மா இன்னும் ஒரு எட்டு வச்சிருந்தா..."

பேச்சு பாதியில் நின்றது. அவர் எதையோ உற்றுப் பார்த்தார். நாங்களும் பார்த்தோம்.

எல்வியின் காலடிக்கு நேர் எதிரே, அந்த மெல்லிய கட்டியின் மேல், ஒரு ஜோடி பெரிய பூட்ஸ் தடம். வீட்டைப் பார்த்தபடி. வந்த சுவடு இல்லை. போன சுவடும் இல்லை. தடத்துக்கு அடியில் பனி கல்லாக இறுகி, ஓரமெல்லாம் தேய்ந்து பளபளத்தது.

ஆர்மாஸும் பட்டாளத்தில் இருந்தவர்தான். அவர் முகம் வெளுத்துவிட்டது.

"காவலுக்கு நிக்கிறவன் தடம்டீ இது" என்றார். "ஒரே ராத்திரியில இப்படித் தேயாது. ஏரி உறைஞ்ச நாள்லேர்ந்து நின்னிருக்கான்."

ரைலி அப்படியே பனியில் உட்கார்ந்துவிட்டாள். "இழுக்கல... அவர் அம்மாவத் தடுத்துப் பிடிச்சிருக்காரு. சுவத்த இடிச்சு என்னைக் கூப்பிட்டதும் அவர்தான். நான் போகச் சொல்லிட்டேனே!" என்று குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

அன்று சாயங்காலம் புதுப் பனி பெய்து தடத்தை மூடியது. அதற்குப் பிறகு அங்கே தடமே விழவில்லை. கனைப்பு இல்லை. தட்டல் இல்லை. உத்தரவு என்றால் உத்தரவுதான் அந்த மனுஷனுக்கு.

எல்வி மட்டும் இன்றைக்கும் இருட்டியதும் எழுந்து, பூட்ஸை மாட்டிக்கொண்டு கதவுப் பக்கம் நடக்கிறாள். ரைலி மெத்தையை வாசலுக்குக் குறுக்கே போட்டுப் படுக்கிறாள். நல்ல தூக்கம் தூங்கி எவ்வளவோ நாளாயிற்று என்கிறாள்.