என் பேர் எழுதிய கீபோர்டு

நேற்று லாரி ஷெட்டில் ஒரு வண்டியின் ஏர் பிரேக் புஸ்ஸென்று பெருமூச்சு விட்டது. அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுக் கிளீனராக ஏறியவன் நான். இன்று அரியலூர் சுண்ணாம்புக்கல்லில் பாதி என் லாரிகளில்தான் போகிறது. கொஞ்சம் கூட்டிச் சொல்கிறேன், விடுங்கள். சொல்ல வந்தது லாரியைப் பற்றி அல்ல. அதே மாதிரி மூச்சு விடும் கால் ஆர்மோனியம் ஒன்று, திருமானூருக்கு அந்தப் பக்கம் எங்கள் ஊர்ப் பழைய மாதா கோயிலில் இருந்தது.

வெள்ளைக்காரச் சாமியார் கப்பலில் கொண்டுவந்ததாம். கீழே இரண்டு மிதிகட்டை. மிதித்தால்தான் காற்று, காற்றிருந்தால்தான் பாட்டு. கல்யாணமாகி வந்த வருசத்திலிருந்து அதை வாசித்தவள் என் மனைவி ஆரோக்கியம். மழைக்காலத்தில் விரல் வைக்கும் கட்டைகள் ஊறி எழும்பாது. உள்ளே குண்டு பல்பைத் தொங்கவிட்டுக் காயவைப்பாள். காற்றடிக்கும் துருத்தியை எலி கடித்தால் பழைய லாரி டியூபை வெட்டி ஒட்டுவாள். பூசை முடிந்து வந்தால் அவள் சேலையில் மெழுகும் பழந்தோலும் கலந்த வாசம்.

"என்னைவிட அந்தப் பொட்டிதான் ஒனக்கு ஒசத்தி" என்பேன்.

"அது என்னையப் பேச வுடுதுங்க" என்பாள்.

கையில் காசு புழங்கியதும், அவளுக்குத் தெரியாமல் திருச்சியில் ஒரு கீபோர்டு வாங்கித் திருவிழாவுக்குக் கொடுத்தேன். முகப்பில் தங்க எழுத்தில் 'உபயம்' என்று என் பேர். பூரித்துப்போவாள் என்று நினைத்தேன். கொடியேற்றத்தன்று அதன்முன் உட்கார்ந்தாள். கை கட்டைகளில் ஓட, கால் இரண்டும் பழக்கத்தில் வெறும் தரையை மிதித்தன.

"அக்கா, சைக்கிள் எந்த ஊருக்குப் போவுது?" என்றாள் பாடற்குழுவில் ஒருத்தி.

கோயிலே சிரித்தது. ஆகச் சத்தமாகச் சிரித்தவன் நான்.

அதற்குப் பிறகு அவள் எதையும் வாசிக்கவில்லை. "வயசாயிடுச்சுங்க" என்றாள். நானும் நம்பியது போல இருந்துவிட்டேன். ஆர்மோனியம் சாமான் அறைக்குப் போனது.

போன தை மாதம் அவள் போய்விட்டாள். அடக்கம் முடிந்த மறுநாள், அந்தப் பெட்டியை வீட்டில் கொண்டுவந்து வைக்கலாமென்று கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளையிடம் சாமான் அறைச் சாவி கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"கரையான் அரிச்சிப் போச்சுங்கய்யா. போன திருவிழாவுக்குச் சோறாக்க வெறவு பத்தல, அடுப்புல வெச்சுட்டோம். அம்மா நின்னு பாத்துக்கிட்டுதான் இருந்தாங்க. ஒங்ககிட்ட சொல்ல வாணாம்னுட்டாங்க."

அந்தச் சோற்றை நானும் சாப்பிட்டேன். நன்றாக இருக்கிறதென்று இரண்டாம் முறை கேட்டு வாங்கினேன். பரிமாறியவள் அவள்தான்.