இரண்டு அலகு போதும்

பிரான்காச்சோவில் வில் சாமான்கள் விற்கும் இத்தாலியக் கடைக்காரர் என் கையிலிருந்த அம்பு முனையை வாங்கி மேசையில் வைத்தார்.

"சிஞ்ஞோரா, இது பழைய காலத்து முனை. வெட்டுகிற அலகு இரண்டுதான். மூன்று அலகு உள்ளதை எடுங்கள், காயம் பெரிதாக விழும்" என்றார். பட்டவுடன் கத்தி விரிகிற புது வகை ஒன்றையும் காட்டினார். பெண்களுக்கு இதுதான் சரியாம். இதுவரை எத்தனை பெண்கள் அவரிடம் வேட்டை முனை வாங்கினார்கள் என்று கேட்டேன். அவர் இன்னொரு பெட்டியைத் திறந்தார்.

நான் கனடாவுக்குப் போக இருந்தேன். அங்கே மலையடிவாரத்தில் குடியிருக்கும் அண்ணன் ஒவ்வொரு வருடமும் எல்க் வேட்டைக்குப் போகிறவர். எல்க் மான்தான். ஆனால் ஊரில், வன்னிக் காட்டில் நாங்கள் கண்ட மரை மான் அதன் பக்கத்தில் நின்றால் கன்று போலத் தெரியும். எனக்கு வேட்டை உரிமத்துக்கு ஒழுங்கு செய்துவிட்டு அண்ணன் தொலைபேசி எடுத்தார்.

"உந்த வில்லை அங்கையே வைச்சிட்டு வா. இஞ்சை துவக்குத் தாறன்."

"துவக்கெண்டால் நான் வரேல்லை அண்ணை."

"ஏன்?"

"சண்டைக்குள்ளை கேட்ட அந்தச் சத்தமே எனக்குக் காணும்."

அதன் பிறகு அவர் துப்பாக்கிப் பேச்சை எடுக்கவில்லை.

என்னுடையது கப்பியும் குறிபார்க்கும் கருவியும் இல்லாத மரவில். காலையில் ஒரு இத்தாலிய அம்மாவின் வீட்டைத் துடைத்துவிட்டு, பின்னேரம் பஸ் ஏறி அம்பெய்து பழகும் மைதானத்துக்குப் போவேன். இழுவை கூடிய வில்லை என் தோள் தாங்காது. என் வில்லிலிருந்து போகும் அம்பின் பலத்தில் பாதியை அந்த விரிகிற கத்தியே தின்றுவிடும். மிச்சத்தை எல்க்கின் தோலும் விலாவும் வாங்கிக்கொள்ளும். காயப்பட்ட மிருகம் ஓடிப்போய் எங்கேயோ கிடந்து சாகும். அதற்கு நான் ஆள் இல்லை.

மூன்று வகையையும் வாங்கினேன். வுச்சீரியாச் சந்தையில் தெரிந்த இறைச்சிக் கடையில் மாட்டு விலாவைக் கேட்டு வாங்கி, மைதானத்து வைக்கோல் கட்டின் முன்னால் தொங்கவிட்டேன். கூடப் பழகும் ஆண்கள் சிரித்துக்கொண்டு சுற்றி நின்றார்கள். விரிகிற முனை எலும்பில் முட்டி, ஒரு கத்தி மடங்கிக் கீழே விழுந்தது. மூன்று அலகு பாதிவரை போய் நின்றது. என் இரண்டு அலகோ காற்றில் விலகி இறைச்சியின் ஓரத்தைக்கூடத் தொடவில்லை. சிரிப்பு கூடியது.

பிழை முனையில் இல்லை என்பது எனக்குத் தெரியும். அம்பின் தண்டு என் வில்லுக்கு விறைப்பு அதிகம்; அகன்ற அலகு அந்தச் சின்னக் கோணலைப் பெரிதாக்கிவிட்டது. தண்டை மாற்றினேன். முனையை அரத்தால் ராவி, தோல் வாரில் தீட்டி, முன்கை மயிரை மழிக்கும் அளவுக்குக் கூராக்கினேன். இன்னொரு விலாவோடு திரும்பிப் போனேன். அம்பு எலும்புக்கு நடுவால் நுழைந்து இறகு வரை வைக்கோலில் புதைந்தது. அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை.

எங்கள் சனம் கூடும் கோயிலில் கதை வேறு மாதிரி. பூசை முடிந்து வந்த ஒரு அக்கா என் கையைப் பிடித்தார். "சாமி கும்பிடுற பிள்ளை உயிரைக் கொல்லலாமோ?"

"வெள்ளிக்கிழமை தவிர நீங்கள் சாப்பிடுற ஆட்டை ஆர் அக்கா வெட்டினது?"

அவர் கையை விட்டார். சனம் கதைக்கும் என்று என் கணவர் வழியெல்லாம் புறுபுறுத்தார். கதைக்கட்டும் என்றேன்.

கனடாக் காட்டில் நானும் அண்ணனும் நின்ற கடைசிக் காலையில்தான் ஆண் எல்க் வந்தது. முதலில் விசில் போல நீண்ட கூவல். பிறகு மரங்களுக்கிடையில் கொம்பு. கிட்ட வந்து, என்னை நேருக்கு நேர் பார்த்து நின்றது. அதன் மூச்சுப் புகை தெரிந்தது. வில்லை இழுத்துப் பிடித்தேன்.

"விடு" என்று அண்ணன் பின்னாலிருந்து கிசுகிசுத்தார்.

நான் விடவில்லை. அது பக்கம் காட்டித் திரும்பும் என்று தோள் எரியும்வரை பிடித்திருந்தேன். எங்கள் வாடை பட்டிருக்க வேண்டும். ஒரே பாய்ச்சலில் மறைந்தது.

"இவ்வளவு தூரம் வந்து ஏன் விடேல்லை?"

"நெஞ்சைக் காட்டி முன்னுக்கு நிண்டது அண்ணை. நெஞ்செலும்பிலை பட்டால் எந்த முனையும் உள்ளை போகாது."

"நான் விட்டிருப்பன்."

"நீங்கள் விடுவியள். நான் விடமாட்டன்."

இருவரும் காருக்கு நடந்தோம். வில்லின் நாணைக் கழற்றி உறைக்குள் வைத்தேன். எனக்கு அழுகை வரும்போல இருந்தது, ஆனால் வெட்கமாக இல்லை.

"வெறுங்கையோடை போகப்போறாய்" என்றார்.

"ஓம். வாற வருசமும் வாறன்."

"அப்பவும் முன்னுக்கு நிண்டால்?"

"அப்பவும் விடமாட்டன்."

அண்ணன் பெருமூச்சு விட்டுக் காரைக் கிளப்பினார்.