இரண்டாவது ஓட்டத்தில் பச்சை

சேலையூர் ஜெரூஷாவுக்குச் சிறுசேரியில் வேலை. பலர் தனித்தனியாக எழுதும் நிரல் துண்டுகளைச் சேர்த்து, ஓடக்கூடிய ஒரே மென்பொருளாகக் கட்டித்தரும் கருவி ஒன்று அங்கே உண்டு. ‘பில்டு டூல்’ என்பார்கள். அதைப் பார்த்துக்கொள்வது அவள் பொறுப்பு. துண்டுகள் சரியாகச் சேர்ந்தால் திரையில் பச்சை விழும், இல்லையென்றால் சிவப்பு.

அவளுடையது ஒப்பந்த வேலை. கருவியின் புதிய வெர்ஷனுக்கு எல்லாவற்றையும் மாற்றிக் கொடுத்தால் நிரந்தரம் என்று மேலாளர் பத்ரிநாராயணன் வாக்குக் கொடுத்திருந்தார். அண்ணன் ஷெர்வினுக்கு அதுவே போதும். மறைமலை நகர்த் தொழிற்சாலையில் கூட நிற்பவர்களிடமெல்லாம், “எங்க ஜெரூ கை படாம அங்க ஒரு சாஃப்ட்வேரும் வெளிய போவாது” என்று சொல்லிக்கொண்டு திரிந்தான். வேலை உறுதியாவதற்கு முன்பே ஆலயத்தில் நன்றி ஜெபத்துக்கு அவள் பெயரையும் கொடுத்துவிட்டான்.

பழைய வெர்ஷன் எழுதிய வரிசைப்படி ஒன்று முடிந்த பிறகுதான் அடுத்ததைத் தொடும். புதியது அப்படியில்லை. எது எதற்காகக் காத்திருக்க வேண்டும் என்று சொல்லி வைக்காவிட்டால் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தொடங்கிவிடும். முன்பு கட்டியவற்றையும் சேமித்து வைத்து எடுத்துக்கொள்ளும். வேகம் அசாத்தியம். ஆனால் காரணமே தெரியாமல் அவ்வப்போது சிவப்பு விழுந்தது.

அந்த அலுவலகத்தில் சிவப்புக்கு ஒரே வைத்தியம்தான். “இன்னொரு தபா ஓட்டு, வந்துடும்” என்பான் பக்கத்து இருக்கை ஆஸ்டின். வந்துவிடும். பச்சை வந்தபிறகு முதல் சிவப்பைப் பற்றி யாரும் கேட்பதில்லை. எல்லோரும் நச்சரித்ததால், தோற்றால் தானாகவே மறுபடி ஓடும்படி ஒரு வரியை ஜெரூஷா சேர்த்தாள்.

“சூப்பர்மா! இனிமே நம்ம போர்டுல செவப்பே இருக்காது” என்றார் பத்ரிநாராயணன்.

உண்மையிலேயே இருக்கவில்லை. வாடிக்கையாளர் வெளிநாட்டில் மீன் பதப்படுத்தும் குளிர்கிடங்குக்காரர். குளிர் குறைந்தால் ஒலிக்கும் அலாரத்தில் ஒரு பிழையைத் திருத்திக் கேட்டிருந்தார். திருத்திய துண்டு தயாராகுமுன்பே மொத்தத்தையும் சேர்க்கும் வேலை தொடங்கித் தோற்றது. மறு ஓட்டத்தில் சேமிப்பிலிருந்த பழைய அலாரத்தை எடுத்துக்கொண்டு பச்சையாக முடிந்தது. அப்படியே போய்ச் சேர்ந்தது. அங்கே குளிர் போன இரவில் அலாரம் ஒலிக்கவில்லை. கிடங்கு முழுக்க அழுகிப்போனது.

கூட்டத்தில் பத்ரிநாராயணன், “மறுபடி ஓடுற வரிய போட்டது யாரு?” என்று கேட்டார், அன்றுதான் கேள்விப்படுபவர் போல. ஆஸ்டின் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“நான்தான் சார். நீங்ககூட அன்னிக்கு...”

“கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லும்மா.”

ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. போவதற்கு முன் அந்த வரியை அவளே நீக்கினாள். எது எதற்காகக் காத்திருக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி வைக்கும்படி ஆஸ்டினிடம் விளக்கினாள். அவன் தலையாட்டினான். ஷெர்வின் ஆலயத்துக்குப் போய், நன்றி ஜெபத்திலிருந்து அவள் பெயரை எடுத்து வேண்டுதலில் சேர்த்துவிட்டு வந்தான். ஏன் என்று கேட்டவர்களிடம், “தற்காலிகமாத்தாங்க” என்றான்.

சில நாள் கழித்து, தாம்பரத்தில் இன்னொரு நேர்காணலுக்கு வரிசையில் நின்றபோது ஆஸ்டின் அழைத்தான். கூட வந்திருந்த அண்ணனுக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டாள்.

“ஜெரூ, நீ போனதுலேர்ந்து ஒரே பேஜார். செவப்பா கீது. அந்த மறுபடி ஓட்டுற ரீட்ரை லைன் எங்க போட்டிருந்த?”

“நான் சொன்னத பண்ணியா ஆஸ்டின்? எது எதுக்கு முன்னாடின்னு...”

“அதெல்லாம் பொறுமையா பாத்துக்கலாம். சார் பக்கத்துலயே நிக்கறாரு. இப்ப பச்சை வந்தா போதும்.”

அவள் போனை அணைத்தாள். ஷெர்வினின் முகம் மலர்ந்திருந்தது.

“பாத்தியா? நீ இல்லாம அங்க ஒண்ணும் நடக்கல.”

கதவுக்குள்ளிருந்து அடுத்த பெயரைக் கூப்பிட்டார்கள். அவளுடையது இல்லை.