இத்தாலிய வாய்ப்பாடு

எங்கள் வீட்டில் படிப்பு என்பது என் பேருக்கு எழுதி வைத்த சொத்து. அதில் அக்கா பங்கு கேட்டு வருவாள் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. பத்தாம் வகுப்பில் கணக்கில் இரண்டு முறை கோட்டை விட்டவள் அவள். நானோ ஏழாம் வகுப்பு வரைக்கும் முதல் ரேங்கை ஒருத்திக்கும் விட்டுக் கொடுக்காதவள். விருந்தாளி வந்தால் அப்பா என்னைக் கூப்பிட்டுப் பதினாறாம் வாய்ப்பாடு சொல்லச் சொல்வார். அக்காவைக் கூப்பிட்டுக் காபி போடச் சொல்வார். இந்த ஏற்பாட்டில் எனக்கு ஒரு குறையும் இருக்கவில்லை.

எண்பதுகளின் கடைசி அது. நாங்கள் நசரத்பேட்டையில் இருந்தோம். அப்பாவுக்கு ஆவடியில் ராணுவத் தொழிற்சாலையில் வேலை. அக்கா பெங்களூர் சாலையில் புதிதாக வந்திருந்த ஷூ கம்பெனியில் தையல் பிரிவுக்குப் போய்க்கொண்டிருந்தாள். அங்கே மெஷினெல்லாம் இத்தாலியிலிருந்து வந்தவை. மெஷின்களோடு வெள்ளைக்கார மாஸ்டர் ஒருவரும் வந்து இறங்கியிருந்தார். அவர் பேசுவதைத் தமிழில் சொல்வதற்கென்றே ஒரு சார் இருந்தார். பாதிரியார் படிப்புக்காக ரோமாபுரிக்குப் போய், அது ஒத்துவராமல் பாதியில் திரும்பியவர்.

தையல் பிரிவிலிருந்து இரண்டு பெண்களை ஆறு மாதப் பயிற்சிக்கு இத்தாலிக்கே அனுப்பப் போகிறார்கள் என்று பேச்சு கிளம்பியது. ஐந்து பேரைப் பொறுக்கி எடுத்து, ஷிப்டு முடிந்ததும் தினம் அரை மணி நேரம் சார் இத்தாலியன் சொல்லிக் கொடுத்தார். அந்த ஐந்தில் அக்காவும் ஒருத்தி.

அன்று முதல் வீட்டில் என் ராஜ்ஜியம் ஆட்டம் கண்டது. கூடத்து டியூப்லைட்டுக்கு நேர் கீழே நான் உட்காரும் இடத்தில் அக்கா உட்கார்ந்தாள். என்னைச் சமையலறைப் பக்கம் மஞ்சள் பல்புக்குத் துரத்தினார்கள். பரீட்சை நாட்களில் எனக்கு மட்டுமே வரும் அவித்த முட்டை, பரீட்சையே இல்லாத அவள் தட்டுக்குப் போனது. தெருவில் தண்ணீர் பிடிக்கிற இடத்தில் அவளுக்கு ‘இத்தாலிக்காரி’ என்று பேர் வைத்தார்கள். அவளும் அதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டு குடத்தை இடுப்பில் வைத்து வருவாள். எனக்கு வயிறு எரிந்தது. சும்மா சொல்லவில்லை, நிஜமாகவே எரிந்தது. அம்மா அதற்கு மோர் கொடுத்தாள்.

அந்தப் பாஷையில் ‘தைக்கிறேன்’ என்பதற்கு ஒரு சொல், ‘தைக்கிறாய்’ என்பதற்கு ஒன்று, நாங்கள், நீங்கள், அவர்கள் என்று ஆளுக்கு ஆள் மாறும். தமிழிலும் மாறத்தான் செய்கிறது. ஆனால் அதை யாரும் நம்மை உட்கார்த்தி வைத்து மனப்பாடம் செய்யச் சொன்னதில்லை. அக்காவுக்குத் தெரிந்த ஒரே மனப்பாடம் வாய்ப்பாடு. அதே ராகத்தில் இதையும் போட்டாள். “இயோ பார்லோ, தூ பார்லி, லூயி பார்லா, நோய் பார்லியாமோ” என்று தலையை ஆட்டி ஆட்டிச் சொல்வாள். பார்லோ என்றால் ‘பேசுகிறேன்’, நோய் என்றால் அவர்கள் பாஷையில் ‘நாங்கள்’.

“வெளக்கு வெக்கிற நேரத்துல நோய் நோய்னு சொல்லிகினு கீறியே, நல்ல வார்த்தையே இல்லியாடி அந்த ஊர்ல?” என்பாள் அம்மா.

வாய்ப்பாட்டு முறையில் ஒரு தொல்லை உண்டு. ஏழெட்டு எவ்வளவு என்று திடீரென்று கேட்டால், ஏழொன்று ஏழிலிருந்து ஏறி வர வேண்டும். அக்காவும் ‘நாங்கள்’ வேண்டுமென்றால் ‘நான்’ என்பதில் ஆரம்பித்து, கட்டைவிரலால் மற்ற விரல்களைத் தொட்டுத் தொட்டு நாலாவதில் போய் நிற்பாள். எனக்கு அந்தக் கஷ்டம் இல்லை. மஞ்சள் பல்புக்கடியில் பூகோளப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, காதை மட்டும் கூடத்துக்கு அனுப்பிவிடுவேன். அவள் வேலைக்குப் போனபிறகு நோட்டை எடுத்துச் சரிபார்ப்பேன். ஒரே மாதத்தில், அவள் விரல் நாலாவதைத் தொடுவதற்குள் என் மனசில் பதில் வந்து நின்றது. அதை யாரிடமாவது காட்டாவிட்டால் தலை வெடித்துவிடும்போல் இருந்தது.

சமயம் தானாக வந்தது. ஐந்து பேரில் அக்காவும் பூந்தமல்லிப் பெண் ஒருத்தியும் தேறிவிட்டார்கள். தகப்பனார் கையெழுத்துப் போட்ட சம்மதக் கடிதம் ஒன்றுதான் பாக்கி. அதை வாங்கிப்போக ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சாரே வீட்டுக்கு வந்தார். மடக்கு நாற்காலியைப் போட்டு உட்காரவைத்து, கடையிலிருந்து கலர் சோடா வாங்கிவரச் செய்து கொடுத்தோம். அக்கா கதவோரம் நின்றாள். கம்பெனிக்குப் போகும்போது கட்டுகிற நல்ல சேலையைக் கட்டியிருந்தாள்.

சார் எழுதிக் கொண்டுவந்திருந்த கடிதத்தை அப்பா இரண்டு பக்கமும் புரட்டிப் பார்த்தார். இத்தனை நாளும் போகலாம் என்றும் அவர் சொன்னதில்லை, கூடாது என்றும் சொன்னதில்லை. “பாக்கலாம்” என்பது ஒன்றுதான் அவர் வாயிலிருந்து வரும்.

“நெசமாவே கத்துகினாளா சார்? பத்தாவதே தாண்டல இவ” என்றார்.

“நீங்களே பாருங்களேன்” என்று சார் உற்சாகமாக அக்கா பக்கம் திரும்பினார். “நாங்கள் தைக்கிறோம். சொல்லும்மா.”

அக்கா அப்பாவைப் பார்த்தாள். அவள் கட்டைவிரல் ஆள்காட்டி விரலைத் தொட்டது. அது நடுவிரலுக்குப் போவதற்குள் நான் சமையலறையிலிருந்து, “நோய் குச்சாமோ!” என்று கத்தினேன்.

சார் திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டார். அப்பாவும் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் போதுமா? கூடத்துக்கே வந்துவிட்டேன். சார் அடுத்து ‘நீங்கள் சாப்பிடுகிறீர்கள்’ என்று கேட்டார், நான் சொன்னேன். ‘நாங்கள் போகிறோம்’ என்றார், அதையும் சொன்னேன். “இரு பாப்பா, அக்கா சொல்லட்டும்” என்று அவர் கையமர்த்தியபோது, அக்காவுக்கு விரலும் ஓடவில்லை, வாயும் திறக்கவில்லை.

“சின்னது ஊட்ல குந்திகினே கத்துகிச்சு பாருங்க” என்றார் அப்பா. “இது மாசக்கணக்கா போயும் வாயத் தொறக்க மாட்டேன்து. இத்த நம்பி அவ்ளோ தொலைவு எப்டி சார் அனுப்பறது?”

“பயத்துல நிக்குதுங்க. கம்பெனியில வந்து பாருங்க. மாஸ்டர்கிட்ட நான் இல்லாமலே பேசுது. போன வாரம் அவர்கூடச் சண்டையே போட்டுச்சு, நூல் சரியில்லேன்னு.”

“வோணாம் சார். வேற பொண்ணைப் பாருங்க” என்று அப்பா கடிதத்தை மடித்து அவரிடமே நீட்டினார். கல்யாணமாகாத பெண்ணைத் தனியாக அனுப்பினான் என்று சொந்தக்காரர்கள் பேசுவார்களே என்று அவர் பல நாளாகத் தூங்காமல் தவித்ததும், சாரிடம் சொல்லக் கௌரவமான ஒரு காரணம் கிடைக்காமல் திண்டாடியதும் எனக்கு ரொம்பப் பின்னால்தான் தெரியும். அன்றைக்கு அவர் என்னைப் பக்கத்தில் இழுத்து அணைத்துக்கொண்டார். பெருமை தாங்கவில்லை எனக்கு.

அக்காவின் இடத்தில் வேறொருத்தி போனாள். டியூப்லைட்டுக்கடியில் இடம் எனக்குத் திரும்பி வந்தது. ஆனால் ஒரு கஷ்டம்: அக்கா சத்தம்போட்டுப் படிப்பதை நிறுத்திவிட்டதால் எனக்குப் புதுப் பாடம் கிடைக்கவில்லை, தெரிந்ததைச் சொல்லிக்காட்டவும் ஆள் இல்லை. ஒரு மத்தியானம் அவள் முறத்தில் அரிசி வைத்துக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தபோது எதிரே போய் உட்கார்ந்தேன்.

“என்னைக் கேள்வி கேளுக்கா.”

அவள் நிமிர்ந்து ஒருமுறை பார்த்தாள். பிறகு கேட்க ஆரம்பித்தாள். நோட்டில்லை, ராகமில்லை, வரிசையுமில்லை. எடுத்த எடுப்பில் ‘அவர்கள்’ என்பாள், ‘நீ’ என்பாள், மறுபடி ‘நாங்கள்’ என்பாள். நான் கேள்விப்பட்டே இராத சொற்களெல்லாம் வந்தன. நான் தப்பாகச் சொன்ன இடங்களில் என் வாய் மூடுவதற்குள் சரியானது அவளிடமிருந்து வந்து விழுந்தது. கை பாட்டுக்கு அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தது.

இருபதுக்குப் பன்னிரண்டு தேறியிருப்பேன். அதுவே எனக்குப் பெரிய வெற்றியாகப் பட்டது. “இன்னும் கேளு, இன்னும் கேளு” என்றேன்.

“போதும்” என்று சொல்லி, முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். கண் கலங்கியிருந்ததைப் பார்த்தேன். இவ்வளவு சின்ன வயதில் எனக்கு இவ்வளவு தெரிந்திருக்கிறதே என்று அக்காவுக்குப் பொறாமை என்று நினைத்துக்கொண்டேன். அன்று பொழுது போகும்வரை எனக்கு அதில் ஒரே சந்தோஷம்.