பதினேழு முடிச்சுகள்

அறுபதுகளின் தொடக்கத்தில் நான் சின்னாளப்பட்டியில், நெசவாளர் தெருவிலிருந்த தொடக்கப்பள்ளி ஒன்றில் மூன்றாம் வகுப்பு ஆசிரியர். முப்பத்தொரு பிள்ளைகள். விடிந்ததும் வீட்டில் தறி நாடாவில் வைக்கும் தார்க்குழலுக்கு நூல் சுற்றிக் கொடுத்துவிட்டுத்தான் பள்ளிக்கு வருவார்கள்.

வெள்ளிக்கிழமை கடைசி வகுப்பை நான் புத்தகத்துக்கு வெளியே வைத்திருந்தேன். ஒரு வாரம் தபாலாபீஸ், ஒரு வாரம் பஸ், ஒரு வாரம் ஆஸ்பத்திரி. அந்தத் தெருவில் பெரியவர்களே மேசைக்குப் பின்னால் ஒருவர் உட்கார்ந்திருந்தால் கையால் வாயைப் பொத்திக்கொள்வார்கள். கேட்டதற்குப் பாதி பதில்தான் வரும். பிள்ளைகளுக்கும் அது ஒட்டியிருந்தது. கையை எடு, முகத்தைப் பார், எப்போதிலிருந்து, எத்தனை தடவை என்று சொல். ஆஸ்பத்திரிப் பாடம் இவ்வளவுதான்.

பிள்ளைகளே நடிப்பார்கள்; டாக்டராக உட்கார்ந்தவன் கழுத்தில் ஸ்டெதாஸ்கோப்புக்குப் பதில் நூல்கயிறு தொங்கும்.

“நாக்க நீட்டு. இம்புட்டுத்தானா? எங்க வீட்டு ஆட்டுக்கே இதவிட நீளம்.”

“ஆட்டுக்கு வைத்தியம் பாக்குற மூஞ்சிதான உனக்கு!” என்பாள் நோயாளி.

வகுப்பே சிரிக்கும். ஒருத்தி மட்டும் முறை வந்தால் எழுந்து, வாயில் கையை வைத்து, அப்படியே நிற்பாள். என் குறிப்பேட்டில் அவள் பெயருக்கு நேரே எட்டு வெள்ளிக்கிழமையும் ‘பேசவில்லை’ என்றே இருக்கிறது.

ஒரு செவ்வாய்க்கிழமை, பதினோரு மணி இருக்கும், அவளுடைய தாய் பள்ளி வாசலில் வந்து நின்றாள். தோளில் பத்து மாத ஆண் குழந்தை. முந்தானையைப் பிடித்துக்கொண்டு அந்தச் சிறுமி. குழந்தையின் கண்கள் குழி விழுந்திருந்தன. சேலைக்கட்டுகளை விற்க மதுரைக்குப் போன தகப்பன் இன்னும் திரும்பவில்லை.

“சார், புள்ளைக்கு வயித்தால போகுது, திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்குப் போகணும். எனக்கு அங்க ஒண்ணும் தெரியாது. செத்த கூட வாரீகளா?”

தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். பஸ்ஸில் குழந்தை அழவே இல்லை. அதுதான் எனக்குப் பயத்தைக் கொடுத்தது.

ஆஸ்பத்திரியில் எங்களுக்குப் பின்னால் நீண்ட வரிசை. டாக்டர் சீட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“எத்தன தடவ போச்சும்மா?”

தாயின் கை வாய்க்குப் போனது. “ரெண்டு மூணு தடவ சார்.”

அந்தப் பதிலை நான் அறிவேன். அந்தத் தெருவில் எந்தத் தாயைக் கேட்டாலும் அதே ரெண்டு மூணுதான். கூடுதலாகச் சொன்னால் படுக்கையில் சேர்த்துவிடுவார்கள் என்ற பயம். நூல் சுற்ற ஆளில்லாமல் வீட்டில் தறி நின்றுபோகும். டாக்டர் மருந்து எழுதத் தொடங்கினார். மறுத்துச் சொல்ல நான் வாயைத் திறந்தேன். ஆனால் சரியான எண்ணிக்கை எனக்கும் தெரியாது.

“இல்ல சார். பதினேழு.”

சிறுமியின் குரல். பாவாடை இடுப்பில் செருகியிருந்த ஒரு வெள்ளை நூலை உருவி மேசைமேல் நீட்டினாள்.

“முடிச்சு எல்லாம் வெளிய போனது. செவப்பு நூல் கட்டுனது வாந்தி, அது தனியா ஆறு. இது வரைக்கும் நேத்து. இங்கருந்து இன்னிக்கி.”

டாக்டர் பேனாவை வைத்துவிட்டு முடிச்சுகளை விரலால் ஒவ்வொன்றாகத் தள்ளி எண்ணினார். பிறகு குழந்தையின் வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டார். உடம்பில் நீர் வற்றிப்போய், மடிப்பு அப்படியே நின்றது.

“ஏம்மா, உன் மக சொல்றது சரியா?”

“சரிதான் சார். சேத்துப்புடுவீகளோன்னுதான்...”

“சேக்காம விட்டா ராத்திரி தாங்காதும்மா!”

கால் மணி நேரத்தில் குழந்தைக்கு சலைன் ஏறத் தொடங்கியது.

வெளியே வராந்தாவில் அவளிடம் கேட்டேன். “முடிச்சுப் போட யாருத்தா சொல்லிக் குடுத்தா?”

“எத்தன தடவன்னு கேப்பாங்கன்னு நீங்கதான சார் சொன்னீக. மனசுல வச்சா எனக்குக் கொழம்பிரும். எங்கப்பா தறிக்குப் பாவு ஓட்டுறப்ப இழைய முடிச்சுப் போட்டுத்தான் எண்ணுவாரு.” பிறகு, “நான் டாக்டர் மொகத்தப் பாக்கல சார். நூலப் பாத்துத்தான் சொன்னேன். தப்பா?” என்றாள்.

கேள்வியை மட்டும்தான் நான் கற்றுக்கொடுத்திருந்தேன். பதிலைத் தவறவிடாமல் வைத்திருக்க ஒரு வழி வேண்டும் என்பது எனக்குத் தோன்றியதே இல்லை. எட்டு வயதுப் பெண், நோயாளிக் குழந்தைக்கும் அடுப்புக்கும் நடுவே உட்கார்ந்து அதைக் கண்டுபிடித்திருக்கிறாள்.

“தப்பில்லத்தா,” என்றேன்.

வியாழக்கிழமை மாலை மறுபடி போனேன். குழந்தை தாய்மடியில் பால் குடித்துக்கொண்டிருந்தது. சிறுமி கட்டிலோரம் அதே நூலோடு உட்கார்ந்திருந்தாள். பதினேழுக்கு அப்பால் ஐந்து முடிச்சுகள், பிறகு ஒரு முழத்துக்கு வெறும் நூல்.

“நேத்து மத்தியானத்துலருந்து முடிச்சே விழல சார்.”

அப்போது டாக்டர் வார்டுக்குள் வந்தார். குழந்தையைத் தொடுவதற்கு முன், சிறுமியிடம் கையை நீட்டி நூலைக் கேட்டார்.